பேராதனைப் பூந்தோட்டமும் தெஹிவளை ஸூவும்: மட்டக்களப்பு, அம்பாறையில இருந்து குடும்பத்தோட போறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

ஸ்கூல் லீவு விட்டா காணும், வீட்டுல புள்ளயள் தொடங்கிரும், சிங்கம் பாக்கணும் புலி பாக்கணும் எண்டு. நம்மட ரெண்டு மாவட்டத்துலயும் ஸூவும் இல்ல, பெரிய பூந்தோட்டமும் இல்ல, அதனால எங்க போறதெண்டாலும் ஒரு நெடும்பயணம்தான். சொந்தக்காரர், அயல் சனம், கூட வேல செய்யிற ஆக்கள் எல்லாரும் திருப்பித் திருப்பிக் கேக்கிற கேள்விகளை இதுல ஒண்டாப் போட்டிருக்கன்.

ஒரே நாள்ல பேராதனையும் தெஹிவளையும் பாத்துட்டு வரேலுமா?

ஏலாது. பேராதனை கண்டிக்குப் பக்கத்துல, தெஹிவளை கொழும்புக்குப் பக்கத்துல, மேப்ல பாக்க கண்டியும் கொழும்பும் கிட்டத்தான், ஆனா அந்த 115 கிலோமீட்டர் போறதுக்கே கடுகண்ணாவ இறக்கம், கேகாலை டிரபிக், கடவத்தை நெரிசல் எல்லாம் சேந்து மூண்டு நாலு மணித்தியாலம் போயிரும், அதுக்கு முதல் மட்டக்களப்புல இருந்து கண்டிக்குப் போனதையும் கூட்டிப் பாருங்க, புள்ளயள் வேனுக்குள்ளயே லீவைக் கழிச்சிரும். ரெண்டும் பாக்கிறதெண்டா ஆகக் குறஞ்சது ரெண்டு இரவு தங்கிற மாதிரி போங்க. ஒரு நாள்தான் கையில இரிக்கெண்டா ஒண்டை மட்டும் தெரிவு செய்யுங்க.

அப்ப எதைத் தெரிவு செய்யிற? ஸூவா, தோட்டமா?

என்னைக் கேட்டா பேராதனை. எல்லாரும் ஸூ எண்டுதான் நினைப்பாங்க, புள்ளயளுக்கு மிருகம்தானே பிடிக்கும் எண்டு. ஆனா தெஹிவளை ஸூ பழைய இடம், ஜோன் ஹகன்பெக் எண்ட ஜேர்மன்காரர் மிருகங்களைச் சேத்து வச்சு நடத்தி, மறுகா 1936ல அரசாங்கம் எடுத்தது. அந்தக் காலத்துக் கூடு, சின்ன இடம், சுத்திவர வீடும் ரோட்டும். கூட்டுக்குள்ள அங்கயும் இஞ்சயும் நடக்கிற மிருகத்தைப் பாத்தா பெரிய ஆக்களுக்கு மனசு ஒரு மாதிரித்தான் போகும். அதனாலதான் மிருகங்களை விசாலமான இடத்துல வைக்கணும் எண்டு பின்னவலைல திறந்த ஸூவும் ஹம்பாந்தோட்டைல ரிதியகம சபாரி பார்க்கும் கட்டினாங்க.

பேராதனைல 147 ஏக்கர், புள்ளயள் ஓடித் திரியலாம், ஆரும் ஏசமாட்டாங்க, அம்மம்மாவுக்கு இருக்க நிழல் இரிக்கு, சாப்பாட்டை விரிச்சு வச்சு சாப்பிடலாம். வீட்டுல மூண்டு தலைமுறையும் சேந்து போறதெண்டா அதுதான் சரி. ஆனா உங்கட மகன் நாலு வயசு, இரவு பகலா சிங்கம் சிங்கம் எண்டு கேக்கிறான் எண்டா, அவனுக்கு மரத்தைக் காட்டி ஏமாத்தாதீங்க, ஸூவுக்கே கூட்டிட்டுப் போங்க.

மட்டக்களப்புல இருந்து பேராதனைக்கு எந்தப் பாதை நல்லம்?

செங்கலடில கிறுகி, கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியதலாவ, மகியங்கனை, மறுகா ஹசலக்க ஏறி பதினெட்டு வளைவால கண்டி. கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்து ஆக்கள் அம்பாறை போய் உகணையால மகாஓயாவுக்கு வந்து அதே ரோட்டைப் பிடிக்கலாம். விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டா பத்து மணிக்குள்ள தோட்டத்து வாசல்ல நிக்கலாம். 4 மணிக்கு முதல் வெளிக்கிட வேணாம், புல்லுமலை தாண்டி மகாஓயா வரைக்கும் இருட்டுல யானை ரோட்டுல நிக்கும், அதுக்கு ஹோர்ன் அடிச்சு வீரம் காட்டுற டிரைவரை கூட்டிட்டும் போகாதீங்க.

மகாஓயால வெந்நீர் ஊற்று இரிக்கு, தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டுற நேரம் ஒருக்கா புள்ளயளுக்குக் காட்டலாம், ஆனா ஒவ்வொரு கிணத்துலயும் ஒவ்வொரு சூடு, கையை விட முதல் பெரிய ஆள் ஒராள் பாத்துட்டு விடணும்.

நவம்பர், டிசம்பர், ஜனவரியில பெருமழை நேரம் மலைப்பக்கம் மண்சரிவு வரும், பதினெட்டு வளைவு ரோட்டை மூடியும் விடுவாங்க. வெளிக்கிட முதல் நாள் இரவு செய்தி பாருங்க, இல்லாட்டி அந்த ரோட்டுல ஓடுற பஸ் டிரைவர்மாரிட்ட கேளுங்க, அவங்களுக்குத் தெரியாத வளைவே இல்ல.

பதினெட்டு வளைவுல புள்ளயள் சத்தி எடுக்குமே, என்ன செய்யிற?

மகியங்கனைல வயிறு நிரம்ப சாப்பாடு குடுக்காதீங்க, இதுதான் எல்லாரும் செய்யிற வேல. அங்க ஒரு இஞ்சி பிஸ்கட், கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான், சாப்பாட்டை மேல ஏறின பிறகு வச்சுக்கொள்ளுங்க. வாந்தி வாற புள்ளைய முன் சீட்டுப் பக்கம் இருத்தி, யன்னலைத் திறந்து விட்டு, தூரத்து மலையைப் பாக்கச் சொல்லுங்க. போனைக் குடுத்து கார்ட்டூன் போட்டா ரெண்டாவது வளைவுலயே முடிஞ்சுது கதை. வாந்திக்குளிசை குடுக்கிறதெண்டா வயசுக்குத் தக்க அளவை பாமசில கேட்டு, வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முதலே குடுக்கணும், வாந்தி தொடங்கின பிறகு குடுத்து பிரயோசனமில்ல. சொப்பிங் பேக் நாலஞ்சு கைக்கெட்டுற இடத்துல இரிக்கட்டும்.

பேராதனைல என்ன பாக்கிற? வெறும் பூவும் மரமும்தானே?

இந்தக் கேள்வியை ஆம்பிளையள்தான் கூடக் கேக்கிற.

உள்ளுக்குப் போனதும் ஓர்கிட் வீடு, பொம்பிளையள் அதுக்குள்ள போனா வெளிய எடுக்கிறது கஷ்டம், அதனால அதை முதலே முடிச்சிருங்க. மறுகா பெரிய புல்வெளி, அதுல நிக்கிற ஜாவா அத்தி மரம், குடை மாதிரி விரிஞ்சு ஒரு வளவு அளவுக்கு நிழல் போட்டு நிக்கும், எல்லாக் குடும்பமும் படம் எடுக்கிறது அதுக்குக் கீழதான். ஆத்தங்கரைப் பக்கம் இராட்சத மூங்கில், 30 மீட்டருக்கு மேல உயரம், மழை காலத்துல குருத்து ஒரு நாளைக்கு 30 சென்ரிமீட்டர் வரைக்கும் வளரும், புள்ளயள்ட அடிஸ்கேலை மனசுல வச்சுப் பாக்கச் சொல்லுங்க, நம்பமாட்டாங்க.

இரட்டைத் தேங்காய் மரம் இரிக்கு, சீஷெல்ஸ் தீவுல இருந்து வந்த இனம். உலகத்துலயே பெரிய விதை அதுதான், ஒரு காய் முத்த ஆறு ஏழு வருசம் எடுக்கும். தென்னந்தோட்டத்துக்க பிறந்து வளந்த நம்மட ஆக்களுக்கு அதைப் பாத்தா கட்டாயம் ஏதாவது கமண்ட் வரும், வந்தே தீரும். தாளிப்பனையும் பாருங்க, வாழ்நாள்ல ஒரே ஒரு தரம் பூத்து, காய்ச்சு, மறுகா பட்டுப் போற மரம். நாகலிங்க மரம் ஒண்டு நிக்கு, 1901ல வந்த இளவரசர், பிறகு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரா ஆனவர், மனிசி மேரியோட சேந்து நட்டது. விண்வெளிக்கு முதல் போன யூரி ககாரின் 1961ல வந்து நட்ட மரமும் இரிக்கு. ஏ.எல். படிக்கிற புள்ள இருந்தா மவுண்ட்பேட்டன் கதையையும் சொல்லுங்க, ரெண்டாம் உலகப்போர் நேரம் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இஞ்சதான் கொண்டு வந்து வச்சவர். அதுக்கும் முதல், 14ம் நூற்றாண்டுல மூண்டாம் விக்கிரமபாகு மன்னன் அரசவை வச்சிருந்த இடம் இது, கண்டி ராசா கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்துல ராசதோட்டமாகி, 1821ல அலெக்ஸாண்டர் மூன் எண்ட வெள்ளைக்காரர்தான் தாவரவியல் தோட்டமா ஆக்கினவர்.

பகல்ல பெரிய பழந்தின்னி வௌவால் ஆயிரக்கணக்குல தலைகீழா தொங்கி கத்திக்கொண்டு கிடக்கும், நம்மட புள்ளயளுக்கு பூவை விட அதுதான் பிடிக்கிற. கீழ நிண்டு வாயைத் திறந்து மேல பாக்க வேணாம், குடை பிடிங்க.

தோட்டத்தை மூண்டு பக்கமும் மகாவலி சுத்தி ஓடுது, தொங்குபாலம் ஒண்டும் இரிக்கு. ஒரே நேரத்துல எத்தின பேர் ஏறலாம் எண்டு போர்ட்ல போட்டிருக்கும், அதைப் பாத்து ஏறுங்க, ஆட்டிப் பாக்கிற பொடியனுகளை ஒரு தட்டுத் தட்டி வைங்க. இந்த ஆத்துட கிளைதான் மறுகா நம்மட பக்கம் வந்து வெருகல்ல கடலோட சேருது. வெருகல் கோயில் திருவிழாக்குப் போன புள்ளயளுக்கு அதைச் சொன்னா டக்கெண்டு விளங்கிரும்.

அம்மம்மாக்கு முழங்கால் வருத்தம், அவ்வளவு தூரம் நடக்க ஏலுமா?

முழுத்தோட்டமும் நடக்க வேண்டிய அவசியம் ஒண்டுமில்ல. உள்ளுக்கு வாடகைக்கு எலக்ரிக் பக்கி வண்டி ஓடுது, சனம் கூடின நாள்ல அதுக்கும் கியூதான், போன உடனே கேட்டு வைங்க. இல்லாட்டி ஓர்கிட் வீடு, பாம் மர வரிசை, பெரிய புல்வெளி, இந்த மூண்டோட அவங்களை நிழல்ல இருத்திட்டு, நடக்கேலுமான ஆக்கள் மூங்கில், பாலம் எண்டு சுத்திட்டு வாங்க. கூட ஒராள் இரிக்கணும், தனிய விட்டுட்டுப் போகாதீங்க. தெஹிவளை ஸூவுல ஏத்தம் இறக்கம், படி எல்லாம் இரிக்கு, முழங்கால்காரருக்கு அது இதை விடக் கஷ்டம்.

சாப்பாடு கட்டிட்டுப் போறதா, அங்க வாங்கிறதா?

கட்டிட்டே போங்க. உள்ள ரெஸ்டூரண்ட் இரிக்கு, ஆனா பத்துப் பேருக்கு வாங்கினா வேன் காசு போல வந்திரும். விடியக்காலம் அவிச்ச புட்டும், மீன் பொரியலும், கட்டச்சம்பலும் மத்தியானம் வரைக்கும் தாங்கும். தேங்காய்ப்பால் விட்ட கறி தாங்காது, வேனுக்குள்ள சூட்டுல புளிச்சிரும். லன்ச் சீட், பொலித்தீன் கொண்டு போகாதீங்க, டப்பா, இல்லாட்டி வாழையிலைல கட்டுங்க. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுல பொலித்தீன் திண்டு யானை செத்த செய்தியை வாசிச்ச ஆக்கள் நாம, நமக்கு இதை ஆரும் சொல்லித்தரத் தேவையில்ல. குரங்கு வரும், பேக்கை ஸிப் போட்டு மூடி வைங்க, சாப்பாட்டைக் கையில வச்சு ஆட்டிக் காட்டாதீங்க.

முஸ்லிம் குடும்பங்களுக்கு கண்டி டவுன்ல ஹலால் கடை நிறைய இரிக்கு, மீரா மக்காம் பள்ளியும் டவுனுக்குள்ளயே. வெள்ளிக்கிழமை போறதெண்டா ஜும்ஆ நேரத்தைப் பாத்து தோட்டத்தை காலைலயே முடிச்சிட்டு வாங்க. தெஹிவளைலயும் ஸூவைச் சுத்தி ஹலால் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்ல. மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் கண்டில கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பக்கம் பாருங்க, கொழும்புல எண்டா வெள்ளவத்தை.

தெஹிவளைக்கு கோச்சில போகலாமா?

சின்னக் குடும்பமெண்டா கோச்சிதான் நல்லம், செலவும் குறைவு, சத்தியும் இல்ல. மட்டக்களப்புல இரவுக் கோச்சி ஏறினா விடியிறதுக்கு முதல் கொழும்புக் கோட்டைல இறங்கலாம். பகல்ல உதயதேவி இரிக்கு, ஆனா அதுல போனா பகல் முழுக்க கோச்சிக்குள்ளதான், ஸூவை அடுத்த நாள்தான் பாக்கலாம். நேரசூசி அடிக்கடி மாறும், ஸ்டேஷன்ல கேட்டு உறுதிப்படுத்துங்க, சீட்டையும் முந்தியே புக் பண்ணுங்க, ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் லீவுல கடைசி நேரம் கேட்டா நிண்டுதான் போகணும்.

கோட்டைல இறங்கி அப்பிடியே கரையோரக் கோச்சி எடுத்தா கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை தாண்டி தெஹிவளை. கடலை ஒட்டியே போற கோச்சி, புள்ளயளுக்கு அதுவே ஒரு ட்ரிப். ஸ்டேஷன்ல இருந்து ஸூவுக்கு ஆட்டோ, மீட்டர் போடச் சொல்லுங்க. தங்கிறதுக்கு வெள்ளவத்தை வசதி, தமிழ்ல கதைச்சு ரூம் எடுக்கலாம், காலைல இட்லி தோசை காலடில.

ஸூவுக்கு எத்தின மணிக்குப் போனா மிருகங்களை நல்லாப் பாக்கலாம்?

காலைல திறந்த உடனே. 12 மணில இருந்து 3 மணி வரைக்கும் சிங்கம் புலி எல்லாம் நித்திரை, கம்பிக்கு வெளிய நிண்டு நாம கத்தினாலும் ஒரு காதை ஆட்டிட்டு திரும்பிப் படுத்திரும். கத்தவும் வேணாம். கல்லெறியிற, கடலை எறியிற பழக்கத்தையும் விட்டுட்டுப் போங்க. பெரிய மிருகங்களைக் காலைல பாத்துட்டு, வெயில் ஏறின பிறகு மீன்காட்சி, பாம்புக்கூடம், வண்ணத்துப்பூச்சித் தோட்டம் எண்டு நிழல் பக்கம் போங்க. இதைத் தலைகீழா செஞ்சிட்டுத்தான் சனம் "ஒண்டுமே இல்ல, எல்லாம் படுத்துக் கிடக்கு" எண்டு வந்து குறை சொல்ற.

டிக்கட் எவ்வளவு?

அடிக்கடி கூட்டுறாங்க, அதனால இதுல விலை போடல்ல. வேன் காசோட பாத்தா டிக்கட் பெரிய செலவில்ல. முக்கியமானது வேற: உள்ளூர் ஆக்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரருக்கு பல மடங்கு கூடின விலை. கனடா மாமா, சுவிஸ் சித்தி குடும்பத்தோட போறதெண்டா அவங்கட புள்ளயளுக்கு வெளிநாட்டு டிக்கட் கேப்பாங்க, தமிழ் கதைச்சாலும் சரிதான், கவுண்டர்ல போய் சண்டை பிடிக்காதீங்க. ரெட்டைக் குடியுரிமை, அடையாள அட்டை வச்சிருக்கிற ஆக்கள் அதைக் கையில கொண்டு போங்க.

வேன் பேசேக்க கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர்ட பட்டா எவ்வளவு, இரவு அவர் எங்க படுக்கிற, ஏசி போட்டா கூடக் காசா, இந்த நாலையும் முதலே கேளுங்க. கேக்காம போய் திரும்பி வந்து ஒழுங்கைல நிண்டு கணக்குப் பாத்து கோவப்படுற குடும்பங்கள் நிறைய.

யானை பாக்க பின்னவலை போறது பிரயோசனமா? நம்மட ஊர்ல யானை புதுசில்லையே.

உகணைல, வெல்லாவெளில வேலியை முறிச்சு வாற யானையைப் பாத்த ஆக்களுக்கு புதுசில்லத்தான். ஆனா பயமில்லாம கிட்ட நிண்டு பாக்கிறது வேற. 1975ல தொடங்கின அனாதை யானைக் காப்பகம், காலை 10 மணிக்கும் பின்னேரம் 2 மணிக்கும் கூட்டமா ரோட்டைக் கடந்து ஆத்துல குளிக்கக் கொண்டு போவாங்க, அந்த நேரத்துக்குப் போனாத்தான் பிரயோசனம். கண்டில இருந்து 40 கிலோமீட்டர் போல. முதல் நாள் பேராதனை, இரவு கண்டி, அடுத்த நாள் காலை பின்னவலை, கிட்டவே திறந்த ஸூ, மறுகா வீடு. தெஹிவளையை விட்டுட்டு இப்பிடிப் போனா கொழும்பு டிரபிக்கே இல்லாம மிருகமும் பாத்தாச்சு, தோட்டமும் பாத்தாச்சு. எனக்குப் பிடிச்ச பிளான் இதுதான்.

எந்த மாசம் போறது?

பெப்ரவரி, மார்ச் நல்லம், ஆனா ஸ்கூல் இரிக்கும். ஏப்ரல் லீவு பரவால்ல. ஆகஸ்ட் லீவுல கண்டி பெரஹெர வாற நேரத்தைக் கலண்டர்ல பாருங்க, அந்த நாள்ல ரூம் விலை ஏறிக்கிடக்கும், ரோட்டும் மூடுவாங்க. போயா, ஞாயிறு சனம் கூட.

தோட்டத்துக்குள்ள சோடி சோடியா இருக்காங்களாமே, புள்ளயளோட போறது சரியா?

இருப்பாங்கதான், குடைக்குப் பின்னால, மரத்து வேருக்குப் பின்னால. அவங்க பாட்டுக்கு அவங்க, நீங்க பாட்டுக்கு நீங்க. பெரிய புல்வெளி, ஓர்கிட் பக்கமெல்லாம் குடும்பங்கள்தான் கூட.

அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்து ஆக்களுக்கு கிட்டவா வேற இடம் இல்லையா?

இரிக்கு, ஆரும் யோசிக்கிறதில்ல. கண்டியை மறந்துட்டு தெற்கால போங்க. பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, கதிர்காமம், திஸ்ஸமகாராம, அங்கால ஹம்பாந்தோட்டை. அங்க ரிதியகம சபாரி பார்க் 2016ல திறந்தது, மிருகங்கள் திறந்த வெளில நிக்கும், நாமதான் பஸ்ஸுக்குள்ள அடைபட்டுப் போறது. அதே மாவட்டத்துல மிரிஜ்ஜவிலல உலர்வலயத் தாவரவியல் பூங்காவும் இரிக்கு, நம்மட மண்ணுக்கு ஒத்த மரங்கள், வீட்டு வளவுல என்ன வைக்கலாம் எண்டு பாக்கிற ஆக்களுக்கு பேராதனையை விட இது உதவும், நிழல் மட்டும் குறைவு. கதிர்காமத்துல கும்பிட்டுட்டு போனா அம்மம்மாவும் சந்தோசம். புத்தல கதிர்காமம் ரோட்டுல யானை வாகனத்தை மறிச்சு சாப்பாடு கேக்கும், ஒண்டும் குடுக்காதீங்க, யன்னலை மூடிட்டு அது விலகும் வரைக்கும் தூர நில்லுங்க.

சிங்களம் தெரியாது, சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். டிக்கட் கவுண்டர்ல, கடைல எல்லாம் தமிழ் கொஞ்சமாவது தெரிஞ்ச ஆள் ஒராள் இருப்பார். புள்ள தொலைஞ்சா மட்டும்தான் பாஷை பெரிய பிரச்சினை, அதனால சின்னப் புள்ளயள்ட பொக்கட்டுல அப்பாட போன் நம்பரை எழுதி வைங்க, எல்லாரும் சந்திக்கிற இடம் ஒண்டையும் வாசல்லயே காட்டி வைங்க.

லீவும் ஒரு நாள், காசும் இறுக்கம். என்ன செய்யிற?

இங்கினியாகலைக்குப் போங்க. அம்பாறை டவுன்ல இருந்து கிட்ட. சேனாநாயக்க சமுத்திரத்துல கல்லோயா பார்க் போட் சபாரி இரிக்கு, யானை தீவுக்குத் தீவு நீந்திப் போறதைப் பாக்கேலும், அதிஷ்டம் இரிக்கணும். மார்ச்சுல இருந்து ஜூலை வரைக்கும் நல்ல காலம், காலை போட்டை விடாதீங்க, வெயில் ஏறினா தண்ணி நடுவுல புள்ளயள் வாடிரும். பறவைப் பைத்தியம் இருந்தா பாணமையால குமன, ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் கூடு கட்டுற நேரம், ஆனா அதுக்குள்ள ஜீப் எடுக்கணும், காசு இறுக்கமெண்டா நாலஞ்சு குடும்பம் சேந்து பங்கு போட்டு எடுங்க. ரெண்டுக்கும் தண்ணியும் தொப்பியும் கட்டாயம். கடையை நம்பிப் போகாதீங்க.